விடுபட்ட ஒற்று

ஏப்ரல் 8

கார் கொட்டகையைக் காலி செய்தோம். காரை விற்று நெடுநாள் ஆகிறது. கொட்டகை மட்டும் தன் பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது. உடைந்த நாற்காலிகள், கணவர் சேர்த்துவைத்த செய்தித்தாள்கள், திருத்தி முடித்த பிறகும் நான் தூக்கியெறியாத ஒரு கட்டு விடைத்தாள்கள். செய்தித்தாள்களை மட்டும் மேனகா தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். பெயிண்ட் அடிக்கும்போது வண்டியின் கண்ணாடிகளை மூடி ஒட்டுவதற்கு வேண்டுமாம். படித்தவர்கள் அவற்றை அதைவிடச் சிறப்பாகப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

மேனகா என் மருமகள். என் மகன் திருமூர்த்தி தை மாதம் இறந்தான். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் பெயிண்டர். கூரைக்கு அடித்துக்கொண்டிருந்தபோது நின்ற பலகை சரிந்தது. மணமாகும் முன் மேனகாவும் அதே பட்டறையில் எமரித் தாள் தேய்க்கும் வேலை செய்தவள். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறாள். வீட்டிலேயே கார், வேன்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சிறு பட்டறை வைக்க அனுமதி கேட்டாள். வேதியியல் பேராசிரியையாக ஓய்வுபெற்ற ஒருத்தியின் வீட்டில் தின்னர் வாசனை வீசுவதில் பொருத்தக்கேடு எதுவுமில்லை என்றேன்.

"அப்ப சரிங்களா, வேண்டாமுங்களா அத்தை?"

சரி என்றேன்.

மூர்த்தியின் பொருள்கள் பட்டறையிலிருந்து ஒரு சாக்கில் வந்திருந்தன. இரண்டு ஸ்ப்ரே கன், பட்டி பூசும் தகடுகள், பாதி தீர்ந்த டின்கள். டின்களின்மேல் அவன் கையெழுத்து: 'வெளை'. 'கருபு'. 'தினர்'. ஒற்றெழுத்து என்பது ஆசிரியர்களின் பிழைப்புக்காக வைக்கப்பட்ட புள்ளி என்று கடைசிவரை நம்பியவன். சிறுவயதில் மாலைதோறும் சிலேட்டைத் தட்டி "ஒற்று எங்கே?" என்று கேட்பேன். இடுக்கில் ஒரு எழுத்தைச் செருகிவிட்டு, "போலாமா?" என்று நிற்பான். சரியாக இருந்தால் "போ" என்பேன். தெருவுக்கு ஓடிவிடுவான். அப்படியும் பத்தாம் வகுப்பில் தமிழில் தோற்றான்.

டின்களுக்குப் புதிய சீட்டு எழுதி ஒட்டினேன். பிழையான சீட்டு ஒட்டிய புட்டி எந்த ஆய்வகத்திலும் ஆபத்து.

ஏப்ரல் 12

கொட்டகையின் மூன்று பக்கமும் கூரையிலும் பாலித்தீன் விரிப்பு. ஈரப் பெயிண்ட்மேல் ஒரு தூசி விழுந்தாலும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்குமாம். வாசல் தெளிக்கும் வேலை கொட்டகைக்கு இடம் மாறியிருக்கிறது.

நான் வலியுறுத்தியது ஒன்றே. பின்சுவரில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய மின்விசிறி. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும்; முதலில் தலை சுற்றும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கம் கலையாது. இதை மேனகாவிடம் தேர்வுக்குரிய பகுதிபோல் மும்முறை சொன்னேன். தலையாட்டினாள். தலையாட்டிய மாணவிகள் எழுதிய விடைத்தாள்களைத்தான் சென்ற வாரம் தூக்கியெறிந்தேன்.

சாமி படம் மாட்டினாள். மாட்டலாம், விளக்கு கூடாது என்றேன்.

"வெளக்கில்லாம சாமி எப்படீங்க அத்தை?"

"ட்யூப் லைட் போட்டிருக்கோமே. அதுக்குக் கண் தெரியாதா?"

சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். துக்க வீடு என்பதால் வாழ்த்துச் சொல்ல யாரும் வரவில்லை. நிம்மதி. வேப்பம்பூ ரசம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 19

ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றைத் தள்ளும் பழைய கம்ப்ரசர் ஒன்று வாங்கினோம். என் இரும்பு பீரோவுக்கு அடித்துப் பார்த்தாள். இதுவரை சாம்பல் நிறத்தில் அடக்கமாக இருந்த பீரோ இப்போது நாடகக் கொட்டகையிலிருந்து வந்ததுபோல் நீலமாக நிற்கிறது. குறை சொல்ல முடியாத வேலை.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகையில் கம்ப்ரசர் ஓடும் ஓசை. இருவரும் இங்கே இருந்தோம். மேனகா கையில் சோற்றோடு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பட்டறையில அவரு சோறு உண்டு போட்டு மறுக்கா வேலைக்கு ஏறுற நேரமுங்க அத்தை இது," என்றாள்.

காற்றுத் தொட்டியில் அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடும். குழாயில் எங்கோ கசிவு. இணைப்பை இறுக்கச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்ததாகச் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் பதிவு செய்வதில்லை.

ஏப்ரல் 24

முதல் வேலை வந்தது. கொண்டுவந்தவர் நாச்சிமுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்கள் வைத்திருப்பவர். வாய் ஓயாத மனிதர்.

"ஏனுங் மேடம், மூர்த்தி ஊடு இதுதானுங்களா? அவன் சம்சாரம் பெயிண்டிங் பண்ணுதுன்னாங்க. வண்டிய வெளிய நிறுத்தியிருக்கறனுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மஞ்சளாக்கிக் குடுத்துப்போடோணும்."

வெளியே போய்ப் பார்த்தேன். வெள்ளை வேன். இருபக்கமும் பெரிய சிவப்பு எழுத்தில் 'அமரர் ஊர்தி'.

"அது ஒரு மாதிரி ஆம்புலன்ஸுங்க மேடம்."

"எழுதியிருக்கிறதை எனக்குப் படிக்கத் தெரியும்."

"நல்ல கண்டிசனுங்க. அதிகமா ஓடவே இல்ல. எல்லாம் ஊருக்குள்ளார தான். அதும் மெல்லமா."

"பயணிகள் அவசரப்படுத்தியிருக்க மாட்டாங்க."

"அட, அதச் சொல்லுங்க!" என்று மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார்.

"பெத்தவங்களுக்குத் தெரியுமா?"

"அவிங்களுக்கு எதுக்குங்க அது? மஞ்ச அடிச்சா மஞ்ச வண்டி. ஆபீஸ்ல எல்லாம் முறையா எழுதி மாத்தியாச்சுங்க. வெள்ளைய அழிச்சுப்போடுங்க, போதும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேனகா வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தாள். இடப்பக்கக் கதவில் ஒரு ஒடுக்கு. அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "அடிச்சுத் தர்றமுங்க."

ஏப்ரல் 25

செய்தி எப்படியோ எட்டி, என் நாத்தனார் சரஸு காலையிலேயே வந்துவிட்டாள். வேனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணி, நம்ம மூர்த்தியக் கொண்டு போன வண்டி இல்லீங்களா இது?"

ஆம் என்றேன். ஒடுக்கைப் பார்த்த கணமே எனக்கும் தெரிந்துவிட்டது. அன்று குளிர்பெட்டியின் மூலை இடித்து விழுந்த ஒடுக்கு அது.

"அவ அன்னைக்கு வாய்ல வரக்கூடாத சொல்லச் சொன்னா. இன்னைக்கு வண்டி வாசலுக்கே வந்து நிக்குது. நான் அப்பவே சொன்னனா இல்லையா?"

சொன்னாள், மறுக்கவில்லை. பதினாறாம் நாள்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நடந்தது இவ்வளவுதான். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லையாதலால் மேனகா வாசலில் நின்றாள். வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு காலையும் அவன் பட்டறைக்குக் கிளம்பும்போது சொல்வதை அதே குரலில் சொல்லிவிட்டாள்: "பாத்துப் போய்ட்டு வாங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டுக்கு வந்துபோகிறவர்களே 'வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போகிற ஊரில், பிணத்தைப் பார்த்து 'வா' என்றால் வேறு என்ன செய்வார்கள்? பழக்கத்தின் காரணமாக நாக்கு செய்த பிழை, அவ்வளவே. நான் அப்போது வாசலில் இல்லை. கூடத்தில் மின்விசிறி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த உள்ளே போயிருந்தேன்.

சரஸு காப்பி குடிக்கவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைச் சக்கரத்தருகே வைத்துவிட்டு, வேனைப் பார்க்காமல் சுவரோரமாகப் போனாள். பழத்தை எடுத்துச் சாறு பிழிந்தோம். வெயிலுக்கு நல்லது.

ஏப்ரல் 30

இவ்வாரம் முழுவதும் தேய்ப்பு வேலை. தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தாள். ஒடுக்கைத் தட்டி எடுத்து, மிஞ்சிய பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பினாள். எழுத்துகள் போய்விட்டன, கண்ணுக்குச் சுவடு இல்லை. பிறகு அடிப்பூச்சாகச் சாம்பல்நிறப் பிரைமர்.

செய்தித்தாளை ஒட்ட நான் உதவினேன். ஒட்டும் டேப்பில் முனையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கிழவியின் நகத்துக்கும் கண்ணுக்கும் அது அகப்படாது. ஆனால் இந்தச் சுருளில் முனை சிறு முக்கோணமாக உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது, உடனே வந்தது. மூர்த்தி அப்படித்தான் மடித்து வைப்பான். சோம்பேறி, ஆனால் அடுத்து எடுப்பவருக்கு வசதி.

"அவனைப் பாத்து நல்ல பழக்கம் ஒண்ணாவது கத்துக்கிட்டே," என்றேன்.

மேனகா சுருளை வாங்கிப் பார்த்தாள். "நான் மடிக்க மாட்டனுங்க அத்தை. நேத்துக்கூட முனை தெரியாம கத்தியில கீறித்தான் எடுத்தனுங்க."

மறந்திருப்பாள். கை செய்வதையெல்லாம் மனம் பதிவு செய்வதில்லை.

மே 3

முதல் மஞ்சள் பூச்சு. முற்பகல் அடித்தாள். பளிச்சென்று ஒரே சீராக வந்தது. நாச்சிமுத்து போனில் கேட்டதற்கு "மாம்பழமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

வெயில் சாயும் முன்பே இருபக்கமும் இளஞ்சிவப்பு மேலே வரத் தொடங்கியது. முதலில் கறைபோல, பிறகு வளைவுகள், கோடுகள். மாலைக்குள் வாசிக்கலாம்: அமரர் ஊர்தி.

இதில் வியப்பில்லை. மலிவான சிவப்பு மைகள் தின்னரில் கரையும். பழைய பூச்சின் நுண்துளைகளில் ஒளிந்துள்ள சாயம், புதிய பூச்சின் ஈரத்தில் கரைந்து மேலேறும். இதற்கு மருந்தும் உண்டு. சாயத்தை உள்ளேயே அடைக்கும் பூச்சு. கடையில் சீலர் என்று கேட்டால் தருவார்கள். ஒரு கை அடித்துவிட்டு அதன்மேல் மஞ்சள் அடித்தால் தீர்ந்தது.

மேனகாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது பூச்சில் என்ன ஆகிறது என்று முதலில் பார்ப்போம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று தெரியாது.

மே 5

இரண்டாம் பூச்சு. முன்னிலும் தெளிவு.

மே 9

எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுத்தாள். நான் விரலால் தடவிப் பார்த்தேன். வெற்று உலோகம், சாயம் தங்க வழியில்லை. மீண்டும் பிரைமர், மீண்டும் மஞ்சள். வலப்பக்கம் சுத்தமாக நின்றது. பிற்பகலில் இடப்பக்கம் மட்டும் சிவந்தது. 'ஊர்தி' வரவில்லை. முதற்சொல் மட்டும், அதுவும் மங்கலாக.

இரும்பில் கரைய எதுவுமில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை என்பதை எழுதிவைக்கிறேன். விளக்கம் இல்லை என்பது என்னிடம் இல்லை என்றுதான் பொருள்.

நாச்சிமுத்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், இத ஏறுற கொழந்த எழுத்துக் கூட்டிப் படிச்சா என்னாவறது? எல்.கே.ஜி. புள்ளைக்குக்கூட 'அ' தெரியுமுங்களே!"

"நல்ல பள்ளிக்கூடம்தான்," என்றேன்.

"வெளையாடாதீங்க மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலீன்னா வண்டிய வேற பட்டறைக்கு உட்டுப்போடுவனுங்க. அப்பறம் இந்த ஊர்ல இந்தப் புள்ளைக்கு ஆரு வேலை குடுப்பா?"

நியாயமான கேள்வி. மேனகா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சிவப்பு ஏறிய இடத்தைக் குழந்தையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள். நேற்றும் அப்படியே.

மே 12

சீலர் வாங்கிவந்தேன். அலமாரியில் இருக்கிறது. கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கிறது; இந்தச் சூட்டில் அடித்தால் சுருங்கும் என்று நினைக்கிறேன். இரண்டொரு நாள் போகட்டும்.

கொட்டகைப் பக்கம் போனபோது மின்விசிறி நின்றிருந்தது. போட்டுவிட்டு வந்தேன். மதியம் மறுபடி போனபோதும் நின்றிருந்தது. மேனகா வேனுக்குள் பின்பக்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே துடைக்கிறாளாம். கையில் துணி இல்லை.

டேப் சுருளின் முனை இன்றும் மடித்திருந்தது. மேசையில் மறந்துவிட்ட என் மூக்குக்கண்ணாடி, கூட்டில் போட்டு மூடிவைக்கப்பட்டிருந்தது. இந்த வீட்டில் அதைச் செய்கிறவன் ஒருவன்தான். செய்தவன் என்று எழுத நினைத்தேன். அடித்துத் திருத்துவது அசிங்கம், இருக்கட்டும்.

மே 16

முற்பகல் அவள் பெயிண்ட் அடிக்கும் ஓசை கேட்டது. நின்றது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் சாக்கு திணித்திருந்தது, உள்ளேயிருந்து.

தள்ளித் திறந்தேன். ஆவி முகத்தில் அறைந்தது. மின்விசிறி ஓடவில்லை. வேனின் பின்கதவுகள் மூடியிருந்தன. திறந்தேன். மேனகா தரையில் மல்லாந்து கிடந்தாள். கால்கள் சேர்ந்து, கைகள் நெஞ்சில், தலை உள்பக்கம். அவனை எப்படி ஏற்றினார்களோ அப்படி.

இரு கால்களையும் பிடித்து இழுத்தேன். இந்த வயதில் எனக்கு அந்தப் பலம் இருக்குமென்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். முற்றத்தில் வேப்பமரத்தடிவரை இழுத்துவந்து தண்ணீர் அடித்தேன். கன்னத்தில் அறைந்தேன். தெளியவைக்க ஒரு அறை போதும், இரண்டு அறைந்தேன்.

வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சு வந்தது.

"எதுக்கு ஃபேனை நிறுத்தினே?"

"காத்த வெளிய இழுக்குதுங்க அத்தை."

"அதுக்குத்தானே வெச்சிருக்கு!"

"அவரையும் இழுத்துப்போடுமுங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நாந்தானுங்க வரச் சொன்னேன். வந்திருக்கறவர வெளிய தள்ளச் சொல்றீங்களா?"

"நீ செத்துப்போயிருப்பே."

"ஒண்ணுமே தெரியலீங்க. தூக்கமாட்டத்தான் வருது. பக்கத்துல படுத்திருக்கறாப்பல இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சுங்க அத்தை."

டாக்டரை வரவழைத்தேன். பிழைத்துக்கொண்டாள், இன்னும் சற்று நேரம் போயிருந்தால் இல்லை என்றார். அவள் உறங்கியபின் மாலை வெளிச்சத்தில் கொட்டகைக்குப் போனேன். வேனின் தரையெங்கும் பட்டி தேய்த்த வெள்ளைத் தூசி. அதில் அவள் கிடந்த வடிவம் பதிந்திருந்தது. அதனருகே இன்னொன்று, தோள் அகன்றது, உயரமானது, குதிகால் கதவை முட்டியிருந்தது.

அவள் புரண்டு படுத்திருப்பாள்.

மே 17

சரஸுவை வரவழைத்து மேனகாவுக்குக் காவலாக உட்காரவைத்தேன். "இந்த வண்டிய மொதல்ல அனுப்பிச்சுப் போடுங்க அண்ணி," என்றாள். முதன்முறையாக அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. சீலரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

வேனின் இடப்பக்கம் சிவப்பு தெளிவாக ஏறி நின்றது. இத்தனை நாளும் நான் அதை 'அமரர்' என்றே வாசித்திருக்கிறேன். முன்பு அங்கே அப்படி இருந்ததால். இன்று எழுத்தை எழுத்தாகப் பார்த்தேன். கடைசி எழுத்து இல்லவே இல்லை. அதற்கு முந்திய 'ர'வுக்கு அடியில் சாய்ந்திறங்கும் வால் இல்லை. வால் இல்லாத 'ர' வெறும் கால்.

அ. ம. கால். அமா.

டின்கள் அடுக்கிய அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். நான் ஒட்டிய சீட்டுகள் சூட்டில் உரிந்து தொங்கின. அடியில் வெளை, கருபு, தினர்.

இன்று அடிக்கவில்லை. சீலரை அந்த டின்களோடு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வந்தேன்.

மே 18

மேனகா எழுந்து நடமாடுகிறாள். காலையில் அவளைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். கதவு இரண்டையும் முழுக்கத் திறந்துவைத்தேன். அவள் தடுக்க வந்தாள்.

"இருக்கட்டும். அவன் உங்கிட்ட வரலை," என்றேன். "படி."

படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒற்று விட்டிருக்கு," என்றேன்.

சாக்குக்கட்டி என் பழைய கைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடம் குறைவு. நெருக்கித்தான் எழுத முடிந்தது. 'ம்' எழுதினேன். புள்ளியை அழுத்தி வைத்தேன். பின்னால் நகர்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, ஒருமுறை வாசித்தேன்.

"சரியா இருக்கு. போ."

"என்னையங்களா?" என்றாள் மேனகா.

"இல்ல. நீயும் சொல்லு."

அவளால் முடியவில்லை. உதடு கோணியது. நான் காத்திருந்தேன், வகுப்பில் பதில் வரும்வரை காத்திருப்பதில் எனக்கு இணையில்லை என்று பெயர். வெகுநேரம் கழித்து, "போங்க" என்றாள். பழக்கத்தில் அடுத்த சொல் கிளம்பி வருவது அவள் தொண்டையில் தெரிந்தது. சட்டென்று அவள் வாயைக் கையால் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அது ஊமையாக அசைந்து அசைந்து நின்றது. கை முழுதும் ஈரம்.

பிறகு மின்விசிறியைப் போட்டேன். வெளிக்காற்று எங்களைக் கடந்து பின்சுவர் வழியாக ஒரே மூச்சாகப் போயிற்று. பாலித்தீன் விரிப்புகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு தொங்கி அடங்கின.

மேனகா சீலர் அடித்தாள். சாக்குக்கட்டி எழுத்தை முதலில் துடைக்க வேண்டும், தூசி பூச்சுக்கு ஆகாது. தெரிந்தும் நான் சொல்லவில்லை; அவளும் துடைக்கவில்லை. அதன்மேலேயே அடித்தாள்.

மே 22

மஞ்சள். சிவப்பு வரவில்லை.

மே 23

வரவில்லை. மதியம் கம்ப்ரசரும் ஓடவில்லை. மேனகா இரண்டு தோசை சாப்பிட்டாள். சட்னியில் உப்பு இல்லை என்றாள். இல்லைதான்.

மே 27

நாச்சிமுத்து வண்டியை எடுத்துப்போக வந்தார். வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கத்தில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"கண்ணாடியாட்ட இருக்குதுங்க மேடம்! எழுத்து எங்கீங்க போச்சு? என்ன மருந்து போட்டீங்க?"

"பிழை திருத்தினோம்."

அவருக்கு விளங்கவில்லை, விளங்காததை மதிக்கிற நல்ல குணம் அவருக்கு உண்டு. "இன்னும் ரண்டு வண்டி இருக்குதுங்க, இங்கயே கொண்டாரன்," என்று ஏறி உட்கார்ந்தார். "வரனுங்க மேடம். வரேன் கண்ணு."

வண்டி நகர்ந்தது. வாசலில் நின்ற மேனகா கையை உயர்த்தி, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு, பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லலாம்," என்றேன். "பிள்ளைங்க போய்ட்டு வர்ற வண்டி."

மஞ்சள் வேன் முனையில் திரும்பும்வரை நின்றோம். நான் வெயிலுக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4

புதிய வேலை. யாரோ கேட்டில் மோதிக்கொண்ட காரின் கதவு. கண்ணாடியை மூட நான்தான் செய்தித்தாள் ஒட்ட வேண்டும். டேப் சுருளை எடுத்தேன். முனை தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் சுற்றிலும் சுரண்டினேன். நகம் உடைந்தது. வழவழவென்று ஒரே வட்டம். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

"குடுங்க அத்தை," என்று மேனகா வாங்கிக் கத்தியால் கீறிப் பிரித்துத் தந்தாள்.

ஒட்டி முடித்தபின் சுருளை அலமாரியில் வைக்கும் முன் முனையைச் சிறு முக்கோணமாக உள்பக்கம் மடித்தேன். அடுத்து எடுப்பவருக்கு வசதி.